பௌர்ணமிக்கு மறுநாள் வகுப்பு

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் இரவில் பெற்றோருடன் சுற்றியோ, கடையில் துணைக்கு நின்றோ, மறுநாள் கண் சிவக்க வந்தமரும் திருவண்ணாமலைப் பிள்ளைகளிடம் முதல் பாடவேளையிலேயே கணக்கைத் தொடங்கி அமைதியை எதிர்பார்ப்பது வெறும் பிரமையே. எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்லவும், கரும்பலகையில் எழுதவும் வைத்தால் தூக்கமும் சேஷ்டையும் ஒருங்கே தணியும்.

சளசளக்கும் மாணவனை அதட்டுவதைவிட, பாடத்தை நிறுத்தாமலே அவன் பெஞ்சருகே சென்று, திறந்த நோட்டின்மேல் விரல் வைத்து நிற்பது பலமடங்கு பயன் தரும். கண்டிப்பு அவசியமாயின், சகமாணவர் முன்னிலையில் வேண்டாம். மணி அடித்தபின் தனியே இரண்டு வார்த்தை போதும். பிரம்பையோ, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மனத்தைப் புண்படுத்தும் ஏச்சோடு சேர்த்தே விலக்கிவிட்டது. (அதற்கு முன்பும் அதனால் விசேஷப் பிரயோஜனம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.) கார்த்திகை தீப நாட்களை ஒட்டி வகுப்புத் தேர்வு வைக்காதிருப்பதும் உசிதம்.