ஆதிபகவன் கற்பித்த அறுதொழிலும் இன்றைய மாணவரும்

போகபூமிக் காலத்து மக்கள் உழைத்து உண்டவர் அல்லர். உணவு, உடை, ஒளி முதலிய அனைத்தையும் கற்பக மரங்களே வழங்கின. காலம் மாறியது, அம்மரங்களின் ஆற்றல் குன்றியது. பசியும் அச்சமும் வருத்த, மக்கள் நாபி மகாராசனை அடைந்து முறையிட்டனர். அவர் அம்மக்களைத் தம் திருமகனார் விருஷப தேவரிடம் அனுப்பினார். "இனி நாங்கள் எவ்வாறு பிழைப்போம்?" என்பதே அவர்கள் கேட்ட வினா. அந்நாளில் இல்லறத்தில் இருந்த ஆதிபகவன், அவர்களுக்குப் பொருளை வாரி வழங்கவில்லை, தொழிலைக் கற்பித்தார். ஜினசேன ஆசாரியரின் ஆதிபுராணம் விரித்துரைக்கும் இவ்வரலாறே கருமபூமியின் முதற்பாடம் ஆகும்.

நாம் பலகாலும் கேட்ட இவ்வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்தார் கல்லூரி மாணவர் ஒருவர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரினர். தாவரவியல் இளங்கலையில் இறுதியாண்டு பயில்பவர். தந்தையார் உழவர். வங்கித் தேர்வு எழுது என்கிறார் தந்தையார். நிலத்தை விட்டுவிடாதே என்கிறார் பாட்டனார். மருந்து ஆய்வுத் துறைக்குச் செல்லுமாறு தூண்டுகிறார் ஆசிரியர். "ஆய்வுக்கூடத்தில் எலியையும் முயலையும் துன்புறுத்த நேருமோ என அஞ்சுகிறேன். உழவிலோ பூச்சிமருந்து தெளிக்க வேண்டியுள்ளது. அப்படியானால் என் அப்பா இத்தனை ஆண்டுகளாகச் செய்து வருவது பாவத்தொழிலா, ஐயா?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. எத்தொழிலுக்குச் செல்வது என்ற கலக்கத்தின் அடியில் இத்தகைய வேதனையும் இருத்தல் கூடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

அறுதொழில்

பகவான் கற்பித்த தொழில்கள் ஆறு. அவை அசி, மசி, கிருஷி, வாணிஜ்யம், வித்தை, சிற்பம் என்பன. அசி என்பது வாள். நாட்டையும் மக்களையும் காக்கும் பணி. மசி என்பது மை. எழுத்தும் கணக்கும் சார்ந்த பணி. கிருஷி உழவு, வாணிஜ்யம் வாணிகம், வித்தை கல்வியும் கலையும், சிற்பம் கைவினைத் தொழில். இன்றைய வங்கிப் பணி மசியில் அடங்கும். ஆய்வும் ஆசிரியப் பணியும் வித்தையில் அடங்கும். பொறியியலைச் சிற்பத்தின் வளர்ச்சி எனலாம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் வாழ்வதற்கென்று பகவானே கற்பித்தவற்றுள் உழவும் ஒன்று. ஆகவே அம்மாணவரின் தந்தையார் செய்வது பழிக்கத்தக்க தொழில் அன்று. அவ்வாறாயின் பயிரிடுகையில் உயிர்கள் மாள்கின்றனவே எனின், அதற்கும் நம் அறநூல்கள் விடை கூறியுள்ளன.

நால்வகை இம்சை

இம்சை நால்வகைப்படும். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கற்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தார் சங்கற்ப இம்சையை அறவே நீக்க வேண்டும். ஏனைய மூன்றையும் முற்றிலும் நீக்குதல் துறவியர்க்கே இயலும். இல்லறத்தார் அவற்றை விழிப்போடு குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

இதனை அறியாமல், இம்சை சிறிதும் இல்லாத தொழிலைத் தேடுவோர் எங்கும் நிற்கமாட்டார். இம்சை எல்லாத் தொழிலிலும் உள்ளதுதானே என்று எதனையும் செய்வோர் அறத்தில் நிற்கமாட்டார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே சிராவகர் நெறி. தேவையறிந்து மட்டும் மருந்து தெளிப்பதும், வேப்பங்கொட்டைக் கரைசல் கொண்டு பூச்சிகளை விலக்குவதும், பயிரை மாற்றி மாற்றி இடுவதும் உழவர் கைக்கொள்ளத்தக்க விழிப்புகள். தாவரவியல் பயின்ற மகன் இவற்றில் தந்தையார்க்குத் துணையாகலாம் அன்றோ?

ஆய்வுத் துறையிலும் வழி அடைபட்டுவிடவில்லை. உயிர்களை அறிந்தே துன்புறுத்தும் பணியை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டில் நடுவணரசு திருத்திய மருந்துச் சோதனை விதிகள், செல் வளர்ப்பு, கணினிவழி ஆய்வு முதலிய விலங்கு சாரா முறைகளுக்கும் இடமளித்துள்ளன. ஆகவே மருந்து ஆய்வு என்ற பெயரைக் கேட்ட அளவில் ஒதுங்காமல், அங்குத் தாம் செய்யப்போகும் பணி யாது என்று மாணவர் கேட்டறிய வேண்டும்.

தொழிலை ஆராயும் முறை

முதலாவது, அத்தொழில் கொல்லாமைக்கு இசைவதா என்று காண்க.

இரண்டாவது, வாய்மையும் கள்ளாமையும் அங்கு நிலைபெறுமா என்று காண்க. பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல், அரசு ஆணையை மீறுதல் ஆகியவற்றை அணுவிரதங்களின் அதிசாரங்களுள் வைத்து ஆசாரியர்கள் விலக்கினர். வங்கியில் அமர்வோர்க்கு முதல் இரண்டும், வாணிகர்க்குப் பின்னைய மூன்றும் நாள்தோறும் எதிர்ப்படக்கூடியவை. வங்கிப் பணியில் கையில் குருதி படுவதில்லை. ஆயினும் தவறான கையொப்பம் ஒன்று ஏழைக் குடும்பத்தைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, மிகுபொருள் விரும்பாமை. எவ்வளவு போதும் என்று முதலில் வரையறுத்துக்கொள்க. அவ்வரையறை இல்லாதவர்க்கு, ஊதியம் மிகுந்த தொழிலே உயர்ந்த தொழிலாகத் தோன்றும்.

நான்காவது, தம் ஆற்றல். ஞானாவரணீய கருமத்தின் க்ஷயோபசமம் எல்லார்க்கும் ஒரு தன்மையது அன்று. ஒருவர்க்குக் கணக்கு விளங்கும். மற்றவர்க்குச் செடியின் நோய் விளங்கும். இதனை நம்பும் நாமே, "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று நம் மக்களைக் கடிவது முறையாகுமா? பெற்றோர் இதனை நெஞ்சில் கொள்ள வேண்டுகிறோம்.

பிழைப்புக்கு ஒரு தொழில், அறத்திற்கு ஒரு வாழ்வு என்று பிரித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவரே நீலகேசியை உரையுடன் 1936ஆம் ஆண்டில் அச்சேற்றித் தந்தார். அவர் பெற்ற கல்வி வாழ்வுக்கும் உதவியது; சமயத்திற்கும் தொண்டாயிற்று.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் உடனே முடிவு ஒன்றும் கூறவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. "வங்கியில் வேலை செய்யும் எங்கள் ஊர் அண்ணனிடமும் ஆய்வில் இருக்கும் சீனியர் ஒருவரிடமும் விசாரிக்கிறேன். அதற்கு முன்பு இந்த விடுமுறையில் அப்பாவோடு கழனிக்குப் போகிறேன், ஐயா" என்று விடைபெற்றார். வந்தபோது இருந்த கலக்கம் முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் தந்தையாரின் தொழிலைப் பற்றிய ஐயம் அவர் முகத்தில் இல்லை.

இல்லந்தோறும் சிந்திக்க

1. நம் குடும்பத் தொழிலில் நேரும் இம்சைகளுள் இவ்வாண்டு எதனைக் குறைக்கலாம்?

2. நம் பிள்ளைகளின் ஆற்றல் எதில் உள்ளது என்று அவர்களையே கேட்டதுண்டா?

3. நமக்குப் போதுமான பொருளின் அளவு யாது?

வளர்க நல்லறம்!