முன்பிருந்தவர் விட்டுச் சென்ற உணவு: உண்ணலாமா, எறியலாமா?



உங்கள் குடும்பம் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை அலமாரியைத் திறந்தால், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள் இருக்கின்றன. வாய் திறந்த அரிசி மூட்டை, பிரிக்காத சீனிப் பொட்டலம், இரண்டு சார்டின் டின், ஒரு பை நிலக்கடலை, பெயர்ப்பட்டி இல்லாத போத்தலில் ஏதோ வெள்ளைத் தூள். குளிர்பதனப் பெட்டியில் உறைந்த கோழியும் ஒரு டப்பா சோறும் உள்ளன.

“விலைவாசி இருக்கிற இருப்பில் இதையெல்லாம் வீணாக்கலாமா?” என்கிறார் பாட்டி. “எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள்” என்கிறார் அக்கா. யார் சொல்வது சரி? இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும் என்பதை அறிவியல் முறைப்படி எப்படி முடிவு செய்வது என்று இன்று பார்ப்போம்.

மூக்கை மட்டும் நம்பலாமா?

உணவு கெட்டுவிட்டதா என்று பார்க்க நாம் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பதுதான். கெட்ட வாடை வந்தால் எறிந்துவிட வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் வாடை வரவில்லை என்பதற்காக உணவு பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

காரணம் இதுதான். உணவில் வளரும் நுண்ணுயிர்களை இரண்டு வகையாகப் பார்க்கலாம். ஒரு வகை உணவின் மணத்தையும் சுவையையும் நிறத்தையும் கெடுக்கும். மற்றொரு வகை நமக்கு நோயை உண்டாக்கும். சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் உணவில் நிறைய இருந்தாலும் அதன் மணமோ சுவையோ மாறாமல் இருக்கலாம். எனவே “கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்” என்பது சோதனையே அல்ல.

நுண்ணுயிர் வளர என்ன வேண்டும்?

தொடக்கப்பள்ளியிலேயே உணவைப் பதப்படுத்தும் முறைகளைப் படித்திருப்பீர்கள். உலர வைத்தல், உப்பிடுதல், ஊறுகாய் போடுதல், குளிரூட்டுதல், டின்னில் அடைத்தல் ஆகிய எல்லாமே நுண்ணுயிர்களுக்குத் தேவையான ஏதோ ஒன்றைப் பறித்துவிடும் முறைகள்.

முதலாவது, நீர். நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய நீர் உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிவியலாளர்கள் ‘நீர்ச் செயல்திறன்’ என்ற அளவால் குறிக்கின்றனர். தூய நீருக்கு அது 1. இந்த அளவு 0.85-க்குக் கீழே போனால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பெருக முடியாது. 0.6-க்குக் கீழே போனால் பூசணம்கூட வளராது. உலர்ந்த சீனியும் உப்பும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது இதனால்தான்.

இரண்டாவது, புளிப்பு. பி.எச். மதிப்பு 4.6-க்கும் கீழே உள்ள புளிப்பான உணவில், மிகக் கொடிய நஞ்சை உருவாக்கும் குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர முடியாது.

மூன்றாவது, வெப்பநிலை. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை உள்ள இடைவெளியை ‘அபாய மண்டலம்’ என்பார்கள். நம் நாட்டின் சாதாரண அறை வெப்பநிலையே ஏறத்தாழ 30 பாகை. அதாவது, நம் சமையலறை எப்போதும் அபாய மண்டலத்தில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்றாக இருந்தது 4 மணி நேரத்தில் 12 முறை பிரிந்து 4,096 ஆகும். 8 மணி நேரத்தில் ஒரு கோடியே 60 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடுமா?

பலரும் செய்யும் தவறு இந்த நம்பிக்கைதான். கொதிக்க வைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் அவை ஏற்கெனவே சுரந்து வைத்த நஞ்சு எல்லா வேளையிலும் அழியாது. சமைத்த சோற்றை வெளியில் வைத்தால் அதில் பசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா வளரலாம். வாந்தியை உண்டாக்கும் அதன் நஞ்சு, சோற்றை மறுபடியும் வறுத்தாலும் வேகவைத்தாலும் அழியாது. ஸ்டஃபிலோகோக்கஸ் ஆரியஸ் சுரக்கும் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கும்.

பூசணத்தின் நஞ்சு இன்னும் கொடியது. நிலக்கடலை, சோளம் போன்றவை ஈரமான, வெப்பமான இடத்தில் கிடந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். சமையல் வெப்பம் அதை முழுமையாக அழிக்காது. இது கல்லீரலைத் தாக்கும். 1988-இல் பேராக் மாநிலத்தில் ஒரு வகை மீ சாப்பிட்ட 13 குழந்தைகள் உயிரிழந்தனர். அதற்குக் காரணம் அஃப்ளாடாக்சின் என்று மருத்துவ ஆய்வாளர்கள் பின்னர் எழுதினர். நம் நாட்டில் நடந்த இந்தத் துயரத்தை நாம் மறக்கக் கூடாது.

டின்னும் ஒரு பழைய கப்பலும்

டின் உணவு எப்படி நெடுநாள் இருக்கிறது? புளிப்பற்ற உணவை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அழுத்தத்தில் ஏறத்தாழ 121 பாகை வரை சூடாக்குகிறார்கள். கொதிநீரின் 100 பாகையைத் தாங்கும் பாட்டுலினம் வித்துகளும் அந்த வெப்பத்தில் அழிகின்றன. மூடி அப்படியே இருக்கும் வரை புதிய நுண்ணுயிர் உள்ளே போக வழியில்லை.

வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1825-இல் வடதுருவப் பகுதியில் பனிக்கட்டியால் சேதமடைந்த ‘ஃபியூரி’ என்ற பிரிட்டிஷ் கப்பலைக் கைவிட்ட மாலுமிகள், அதிலிருந்த உணவுப் பொருள்களைக் கரையில் விட்டுச் சென்றனர். 1829-இல் ஜான் ரோஸ் என்ற கப்பல் தலைவர் அங்கே வந்தபோது, அந்த டின் உணவுகள் நல்ல நிலையில் இருந்தன. பின்னர் தம் சொந்தக் கப்பலையும் பனியில் இழந்த அவர் குழுவினர், 1832-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை அந்த உணவைக் கொண்டே கடந்தனர். 1833-இல் மீட்கப்பட்டனர்.

முன்பிருந்தவர் விட்டுச் சென்ற உணவு அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். டின்களின் மூடி கெடவில்லை. அந்த இடம் கடுங்குளிரானது. இன்னொன்று, ரோஸின் சகோதரர் மகன் ஜேம்ஸ் கிளார்க் ரோஸும் அவர்களோடு இருந்தார். அவர் முன்பு அதே ஃபியூரி கப்பலில் பணியாற்றியவர். அந்த உணவு எங்கிருந்து வந்தது, எப்போது வைக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். வாடகை வீட்டு அலமாரியில் நமக்குத் தெரியாதது இந்த வரலாறுதான்.

டின் உப்பியிருந்தால், ஒழுகினால், ஓட்டை விழும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தால், விளிம்புத் தையலில் நசுங்கியிருந்தால் திறக்காமலே பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள். பாட்டுலினம் நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டின் உணவு உண்டபின் பார்வை மங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குளிர்பதனப் பெட்டி சொல்லும் கதை

பெட்டி இப்போது குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் வீடு காலியாக இருந்த நாள்களில் மின்சாரம் இருந்ததா? உறைபெட்டியில் ஐஸ் தட்டு இருந்தால் பாருங்கள். தனித்தனிக் கட்டிகளாக இல்லாமல், அடியில் ஒரே பாளமாக உறைந்திருந்தால், அது ஒரு முறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. கோழியும் அப்படித்தான் உருகியிருக்கும். கட்டிகள் சரியாக இருந்தாலும், கோழி எத்தனை நாள் வெளியில் இருந்து உள்ளே போனது என்பது தெரியாது. எனவே அறிமுகமில்லாதவர் விட்டுச் சென்ற இறைச்சி, பால், சமைத்த உணவு எதையும் உண்ண வேண்டாம்.

நான்கு கேள்விகள்

1. பெயர்ப்பட்டி இருக்கிறதா? இல்லையென்றால் எறியுங்கள். வெள்ளைத் தூள் சீனியாக இருக்கலாம். கரப்பான் பூச்சிக்கு வைக்கும் போரிக் அமிலமாகவும் இருக்கலாம். பழைய பானப் போத்தலில் நிற்கும் திரவத்துக்கும் இதே விதிதான்.

2. பிரிக்கப்படாமல் இருக்கிறதா? திறந்த பொட்டலத்தில் எலி ஓடியிருக்கலாம், பூச்சிமருந்து பட்டிருக்கலாம்.

3. தேதி என்ன? ‘தாரிக் லுபுட்’ என்றால் காலாவதித் தேதி. அதற்குப் பிறகு உண்ணக் கூடாது. ‘பாயிக் செபெலும்’ என்றால் அந்தத் தேதிவரை தரம் நன்றாக இருக்கும் என்று பொருள். இரண்டுமே பொட்டலம் பிரிக்கப்படாமல், சொன்ன முறையில் வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே பொருந்தும்.

4. எங்கே, எவ்வளவு காலம் இருந்தது? வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். முன்பிருந்தவர் எப்போது போனார், மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். பிரிக்காத, ஈரம்படாத சீனி: வைத்துக்கொள்ளலாம். தேதி கடக்காத, சேதமில்லாத சார்டின் டின்: வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் நசுங்கிய டின்: எறிய வேண்டும். திறந்த அரிசி, பழைய நிலக்கடலை, வெள்ளைத் தூள், கோழி, சோறு: எல்லாம் குப்பைக்கு. பாட்டிக்கு ஒரு டின்னும் ஒரு பொட்டலம் சீனியும் மிச்சம். அக்காவுக்கு ஒரு பை குப்பை. ஐயம் தீராத எந்தப் பொருளையும் எறிந்துவிடுங்கள். சில ரிங்கிட் போவதைவிட மருத்துவமனைப் படுக்கை பெரிய இழப்பு. வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் இருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஓர் உணவில் 10 பாக்டீரியாக்கள் உள்ளன. 20 நிமிடத்திற்கு ஒரு முறை அவை இரட்டிப்பானால், 3 மணி நேரத்தில் எத்தனை ஆகும்?

2. உலர்ந்த நெத்திலி, ஊறுகாய், டின் சார்டின் ஆகிய ஒவ்வொன்றிலும் நுண்ணுயிருக்குத் தேவையான எது பறிக்கப்பட்டுள்ளது?

3. “நேற்றிலிருந்து வெளியில் இருந்த சோற்றை நன்றாக வறுத்துவிட்டேன், இனிப் பயமில்லை” என்கிறார் நண்பர். அவருக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்குங்கள்.

(முதல் கேள்விக்கு விடை: 5,120)