வெட்டாமல் விடும் 4 சென்டிமீட்டர்

ஆரியங்கோடு பக்கத்து ரப்பர் விளைகள் பெரும்பாலும் சிறியவை, சரிவானவை. 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முறிக்கப் போனால் ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் மதில், தலைக்கு மேல் கரண்டுக் கம்பி. "வீட்டு மேல சாயாதுல்லா?" என்றுதான் விளைக்காரர் முதலில் கேட்பார். மெஷின் வாளோடு பழகிய வரையில் நான் அறிந்தது ஒன்று: மரத்தைச் சொன்ன பக்கம் கொண்டுபோவது, மூட்டில் நாம் வெட்டாமல் விடும் மரம்தான்.

மெஷினை இழுக்குமுன்: மரத்தைச் சுற்றி வாருங்கள். சரிவு மரம் வெளிச்சம் தேடிச் சாய்ந்திருக்கும். கொம்பின் கனம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். காய்ந்த கொம்பு மேலே தொங்கினால் அடியில் நிற்காதீர்கள். சிரட்டை மாட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும். சங்கிலி அதில் பட்டால் பல் போகும். விழும் திசைக்கு எதிர்ப்புறம், பின்பக்கமாகச் சாய்வாக விலக வழி வெட்டி வையுங்கள். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி நிற்கட்டும். கரண்டுக் கம்பி அருகில் இருந்தால் மின்வாரிய செக்ஷன் ஆபீசில் சொல்லி லைனை அணைத்த பிறகே வேலை.

வெட்டு: விழவேண்டிய பக்கம், தடியின் குறுக்களவில் கால்பங்கு ஆழத்துக்கு வாய் எடுங்கள். பின்வெட்டு வாயின் அடியைவிட ஒரு விரல் மேலே வரட்டும். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை விட்டு நிறுத்துங்கள், 40 செ.மீ. தடிக்கு 4 செ.மீ. இது கதவின் கீல் மாதிரி. இதையும் அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மெலிந்தால், தடித்த பக்கத்துக்கு இழுக்கும். வாள் இறுகாமலிருக்கப் பிளாஸ்டிக் ஆப்பு போடுங்கள், இரும்பு வேண்டாம். மிகவும் சாய்ந்த மரம் பின்வெட்டின்போதே நெடுகப் பிளந்து பின்னால் எகிறும். பழகாதவர் அதைத் தொடக் கூடாது.

வாளின் மூக்கு: வாள்பட்டையின் நுனி மேல்பகுதி மரத்தில் தட்டினால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். நுனியால் வெட்டாதீர்கள், தோளுக்கு மேல் தூக்காதீர்கள், நடக்கும்போது சங்கிலி பிரேக்கைப் போடுங்கள். கைலியோடு வேலை வேண்டாம். பூட்ஸ், ஹெல்மெட், காலுக்குக் காப்புடை வேண்டும்.

காற்றில் விழுந்த மரம்: 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி ரப்பர் விளைகளைச் சாய்த்துப்போட்டது. அப்படிக் கிடப்பது நிற்பதைவிட மோசம். வளைந்த தடியில் அமுங்கிய பக்கத்தை லேசாக அறுத்துவிட்டு, விறைத்த பக்கத்தை வெட்டுங்கள். தடி அறுந்ததும் பிடுங்கிய வேர்மூடு நிமிர்ந்து குழிக்குள் விழலாம். அங்கே ஆளை நிறுத்தாதீர்கள்.

விளைக்காரர்களுக்கு: வீட்டோரத்து மரத்துக்குக் கூலியை மரக்கணக்கில் பேசாதீர்கள், நாள்கணக்கில் பேசுங்கள். அவசரம் இல்லாதவன்தான் அந்த 4 சென்டிமீட்டரை விட்டுவைப்பான்.