நிலப்படம் கூறும் செய்தி

அண்ணாமலை நகருக்குக் கிழக்கே, வெள்ளாற்றின் கழிமுகத்திற்கும் கொள்ளிடத்தின் கழிமுகத்திற்கும் இடையே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு அமைந்துள்ளது. அலைகளின் வேகத்தைத் தணிப்பதால் இதனை அலையாத்திக் காடு என்றும் கூறுவர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இதன் பின்னே இருந்த சிற்றூர்கள் குறைந்த சேதமே அடைந்தன.

இத்தகைய காவல் காட்டின் பரப்பை மட்டும் பொறுத்ததன்று. மரங்கள் இடையறாது நிற்றலையும் பொறுத்தது. முற்காலத்தில் மரங்களை முற்றாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து பள்ளமாயிற்று. கடல்நீர் அங்குத் தேங்கியதால் உப்பு மிகுந்தது. மரங்கள் முளையாமல் வெற்றிடங்கள் தோன்றின. காட்டின் பரப்பை எக்டேர்க் கணக்கில் கூறலாம். அது சிதறிக் கிடக்கும் தன்மையை எண்ணால் கூறுவது எவ்வாறு?

அதற்குரிய அளவையை அமெரிக்க அறிஞர் கிளாட் சானன் 1948 இல் வகுத்தார். செய்தி ஐயத்தை நீக்குவது. நீங்கும் ஐயத்தின் அளவே செய்தியின் அளவு என்பது அவர்தம் கோட்பாடு. நாணயத்தைச் சுண்டினால் விழுவது தலையோ பூவோ என்னும் ஐயம் 1 பிட் ஆகும். விடை முன்னரே உறுதியாயின் ஐயம் சுழியம்.

ஒரு நிலப்படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்ததாகக் கொள்க. பாதி காடு, பாதி வெற்றிடம் எனின், ஒரு கட்டத்தைப் பற்றிய ஐயம் 1 பிட். ஆனால் கட்டங்களை எவ்வாறு கலைத்து அடுக்கினும் இவ்வெண் மாறாது. ஆதலின் அடுத்துள்ள கட்டத்தையும் நோக்குதல் வேண்டும். தமிழ்ச் சொல்லில் ஙகர மெய்யின் பின் ககரமோ ஙகரமோ அன்றி வேறெழுத்து வாராது. முன்னெழுத்தை அறிந்தவர்க்குப் பின்னெழுத்தைப் பற்றிய ஐயம் மிகக் குறைவு. அதுபோலவே, காடு ஒரு புறமாகத் திரண்டிருப்பின், ஒரு கட்டத்தை அறிந்த அளவில் அடுத்ததையும் பெரும்பாலும் அறியலாம். எஞ்சும் ஐயம் சுழியத்தை நெருங்கும். ஒழுங்கின்றிச் சிதறியிருப்பின் 1 பிட் அளவும் எஞ்சும். பரப்பு ஒன்றே, அமைப்பு வேறு.

1990களில் பிச்சாவரத்தில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, கடல்நீர் வந்து மீளச் செய்து, மரக்கன்றுகள் நட்டனர். இத்தகைய முயற்சியால் வெற்றிடங்கள் மூடுகின்றனவா என்பதை, செயற்கைக்கோள் தரும் ஆண்டுதோறுமுள்ள படங்களில் இவ்வெண்ணைக் கணித்து அறியலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சதுரங்கப் பலகைபோலக் காடும் வெற்றிடமும் மாறி மாறி வரினும் எஞ்சும் ஐயம் சுழியமே; காடோ துண்டுபட்டதே. எண் ஒழுங்கை உரைக்கும். அவ்வொழுங்கு நன்மையோ தீமையோ என்பதை நிலத்தை நேரில் அறிந்தவரே உரைத்தல் கூடும்.