உடையும் உள்ளுறுதியும்

மானங் காத்தலும், வெயில் குளிர்களினின்று உடலைப் பேணுதலும் ஆடையின் முதற்பயன்களாகும். மக்களுள் பலர் அவற்றோடு அமைவதில்லை. ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழியைப் பற்றிக்கொண்டு, பிறர் கண்ணுக்குப் பகட்டாய்த் தோன்றுதலே ஆண்மகனுக்குப் பெருமை எனக் கருதுகின்றனர். அங்ஙனம் கருதுவோன், தான் உடுத்த வேண்டியதைப் பிறர் முடிவு செய்யுமாறு விட்டுவிடுகின்றான். தன் உடையைத் தானே ஆள்பவனே உரிமை உடையவன். இவ்வுண்மையைக் காந்தியடிகளின் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம்.

1888ஆம் ஆண்டில் சட்டம் பயிலும்பொருட்டு அடிகள் இலண்டன் சென்றார். ஆங்கிலக் கனவானைப் போல விளங்க வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றியது. 10 பவுன் கொடுத்து விருந்துக்குரிய உடை தைப்பித்தார். உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். கடிகாரத்திற்கு இரட்டை வடப் பொற்சங்கிலியைத் தமையனாரிடமிருந்து வரவழைத்தார். நாள்தோறும் பத்து நிமிடம் நிலைக்கண்ணாடியின் முன் நின்று, கழுத்துப்பட்டியைச் சீர்செய்து, தலைமுடியை வகிர்ந்துகொண்டார். நடனமும் பிடிலும் பயிலத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்று மாதத்தில் அம்மயக்கம் தெளிந்தது. தாம் மாணவர் என்பதையும், செலவாவது தமையனாரின் பொருள் என்பதையும் உணர்ந்தார். பிடிலை விற்றுவிட ஏற்பாடு செய்தார். காசு தவறாது கணக்கெழுதினார். வண்டியேறாமல் நடந்தே செல்லலானார்.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் அவர் வழக்கறிஞராய் வாழ்ந்தார். அங்குச் சலவைச் செலவு மிகுதியாயிற்று. சலவைக்குப் போட்ட துணிகளும் குறித்த நாளில் வருவதில்லை. ஆதலால், சலவைக் கலை பற்றிய நூலொன்றைப் படித்துத் தாமே துணி வெளுக்கத் தொடங்கினார். முதன்முறை காலருக்குக் கஞ்சி மிகுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியும் போதிய சூடேறவில்லை. அதை அணிந்து நீதிமன்றம் சென்றபோது, காலரினின்று கஞ்சி உதிர்ந்தது. உடனிருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அடிகள் சிறிதும் நாணவில்லை; கற்கும் முயற்சியையும் கைவிடவில்லை.

பிரிட்டோரியா நகரில் வெள்ளை நாவிதர் ஒருவர் அவருக்கு முடிவெட்ட மறுத்தார். அடிகள் கத்தரி வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டது. எலி கடித்துவிட்டதோ என்று நண்பர்கள் நகையாடினர். எனினும், அந்நாவிதர்மீது அவர் சினம் கொள்ளவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடிதிருத்த நம் நாட்டு நாவிதரை நாம் விடுவதில்லையே, அத்தீமையின் பயனே இது என்று எண்ணினார். பிறரைச் சாராது வாழும் உறுதி செருக்காய் மாறாமல் அவரைக் காத்தது இத்தகைய தன்னாய்வே.

தம் உடலையும் உடையையும் தாமே பேணக் கற்ற அடிகளை, 1921ஆம் ஆண்டில் தமிழகம் வேறொரு சோதனைக்கு உள்ளாக்கியது. அயல்நாட்டுத் துணியை விலக்கிக் கதர் உடுத்துமாறு அவர் நாடெங்கும் வேண்டிவந்த காலம் அது. சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் செல்லுகையில், கதர் அணியாத பலரைக் கண்டு காரணம் வினவினார். கதரை விலை கொடுத்து வாங்கத் தங்கள் வறுமை இடங்கொடாது என்று அவர்கள் விடையிறுத்தனர். தாமோ தொப்பியும் சட்டையும் நீண்ட வேட்டியும் அணிந்திருந்தார். மாற்றுடைக்கு வழியற்றவனிடம், இருக்கும் துணியையும் விலக்கு என்று எவ்வாறு கூறுவது? இவ்வினா அவர் நெஞ்சை வருத்தியது.

செப்டம்பர் 22ஆம் நாள் காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில், அவர் தொப்பியையும் சட்டையையும் களைந்து, முழந்துண்டு உடுத்து வெளிப்போந்தார். மதுரைச் சீமையிலும், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் போன்ற சிற்றூர்களிலும், ஏர் பிடிக்கும் உழவர் அரையில் உடுத்த எளிய உடை அது. அக்டோபர் 31ஆம் நாள் வரையேனும் இவ்வுடையே உடுத்துவதென முதலில் உறுதிபூண்டார். அவ்வுறுதியோ வாழ்நாள் முழுதும் நீடித்தது. தம்மைப் போலவே உடுக்குமாறு உடனுழைப்போரை அவர் வற்புறுத்தவில்லை. தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைப் பிறர்மேல் சுமத்தாமையே அதன் தூய்மைக்குச் சான்று.

1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோது, பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அங்கும் அரையாடையும் மேற்போர்வையுமே அணிந்து சென்றார். முன்னொரு காலத்தில் கண்ணாடி முன் நின்று அந்நகரத்தார்போல் தோன்ற முயன்றவர், இப்பொழுது தம் நாட்டு ஏழையின் உடையோடு அந்நாட்டு மன்னர் முன் தயங்காது நின்றார்.

மாணவர்களே! அடிகளைப் போல அரையாடை உடுத்துவதே எளிமை என்று எண்ணிவிடாதீர்கள். ஆராயாமல் பின்பற்றினால் அதுவும் பிறரைப் பார்த்து ஒழுகுதலேயாகும். நாம் உடுப்பது நம் வருவாய்க்கு ஏற்றதா? அதை நம் கையால் தூய்மையாக வைத்துக்கொள்கின்றோமா? பிறர் நகைப்பினும் மாற்றிக்கொள்ள வேண்டாத நேர்மை அதில் உண்டா? இவ்வினாக்களை நமக்கு நாமே விடுத்து, உண்மையான விடை கூறப் பழகுவோமாக. அங்ஙனம் பழகியவன் உடுக்கும் பருத்தி ஆடைக்கும் பெருமை உண்டு. பழகாதவனுக்குப் பட்டாடையும் கடன்வாங்கிய பெருமையே ஆகும்.