பிளக்ஸ் மறைத்த ‘நோ பார்க்கிங்’ போர்டு: அபராதம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு இன்சுலின் வாங்க மெடிக்கல் ஷாப் எதிரே பைக்கை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் வண்டி இல்லை. போலீஸ் தூக்கிப்போனதாகப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். அங்கே ‘நோ பார்க்கிங்’ போர்டு இருப்பது உண்மைதான். ஆனால் அதன்மேல் யாரோ காதணி விழா பிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். வண்டியை மீட்கக் கேட்ட இழுவைக் கட்டணத்துக்கு ரசீது தரவில்லை. பக்கக் கண்ணாடி வேறு உடைந்திருந்தது. 500 ரூபாய் இ-சலானை இன்னும் கட்டவில்லை. எதிர்த்து வாதாட முடியுமா?

– ஒரு வாசகர்

பதில்: முடியும். நீங்கள் இன்னும் பணம் கட்டாததால்தான் முடியும். சலான் தொகை என்பது மோட்டார் வாகனச் சட்டம் 200-ஆம் பிரிவின் கீழ் வரும் இணக்கக் கட்டணம். கட்டிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ‘முதலில் கட்டிவிட்டு அப்புறம் பார்ப்போம்’ என்று கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

இன்றே போய்ப் படம் எடுங்கள். வண்டியில் வரும்போது போர்டு எப்படித் தெரிகிறதோ அந்தக் கோணத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பிளக்ஸில் அச்சிட்டிருக்கும் விழா தேதி படத்தில் தெளிவாக விழ வேண்டும். நீங்கள் வண்டி நிறுத்திய நாளில் அது அங்கே இருந்தது என்று காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது. விழா முடிந்ததும் கழற்றிவிடுவார்கள்.

அந்த இடத்தில் நிறுத்தத் தடை விதித்த அறிவிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடைபாதை, பஸ் நிறுத்தம், பள்ளி அல்லது மருத்துவமனை வாசல் போன்ற இடங்களில் போர்டே இல்லாவிட்டாலும் வண்டி நிறுத்தக் கூடாது. உங்கள் பைக் நடைபாதையில் ஏறி நின்றிருந்தால் பிளக்ஸ் வாதம் எடுபடாது. பத்து மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் வண்டியைத் தூக்கலாம் என்று சிலர் சொல்வதும் தவறு. அந்தக் கணக்கு கேட்பாரற்று நிற்கும் வண்டிகளுக்கு. தடை செய்த இடத்தில் பத்து நிமிடம் நின்றாலும் தூக்கலாம்.

ஆனால் தூக்குவதற்கும் முறை இருக்கிறது. 127-ஆம் பிரிவின்படி சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அனுமதிக்க வேண்டும். வண்டி இழுக்கும் ஆட்கள் தாங்களாக முடிவெடுக்க முடியாது. இழுவைச் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும் என்றாலும், வாங்கிய பணத்துக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. ரசீது தராததையும் கண்ணாடி உடைந்ததையும் சேர்த்து உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். கண்ணாடி மாற்றிய பில் பத்திரம்.

சலான் கொடுத்த அலுவலகத்துக்கும் படங்களோடு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் ரத்து செய்யாவிட்டால் வழக்கு மாஜிஸ்திரேட் முன்பு வரும். சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். சலானில் 177-ஆம் பிரிவு போட்டிருந்து, இது உங்கள் முதல் தடவையாகவும் இருந்தால், தோற்றாலும் அந்தப் பிரிவில் அபராதம் 500 ரூபாயைத் தாண்டாது. ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் போடுவேன்.