யார் முதலாளி?

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டைக்கு அருகில் இருக்கிறது சாலைக் கடைத்தெரு. மிகப் பழைய சந்தை. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் ஏற்பட்டது.

அங்கே லாரிகள் வந்து நிற்கும். தலையில் சும்மாடு வைத்த தொழிலாளிகள் மூட்டைகளை இறக்குவார்கள். காலை ஏழு மணிக்கு அரிசிக் கடை. ஒன்பது மணிக்கு வெங்காயக் கடை. மத்தியானம் எண்ணெய்க் கடை. ஒரே ஆள், ஒரே நாள், மூன்று கடைகள்.

இவருக்கு முதலாளி யார்?

அரிசிக் கடைக்காரரைக் கேட்டால், "கூலி கொடுத்துவிட்டேன். அவர் என் கடை ஆள் இல்லை" என்பார். மற்ற இருவரும் அதையே சொல்வார்கள். சுமை ஏற்ற மூன்று பேர் உண்டு. காலில் மூட்டை விழுந்தால் கேட்க ஒருவரும் இல்லை. ஓணத்துக்கு போனஸ் யார் தருவது? வயதாகிக் கழுத்து தளர்ந்த பிறகு யார் பார்ப்பது?

இதற்காகத்தான் கேரளத்தில் 1978-ஆம் ஆண்டு சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1983-இல் அதன் கீழ் ஒரு நலத் திட்டம் வந்தது. சுமைத் தொழிலாளிகளுக்கு என்று நல வாரியம் ஏற்பட்டது.

திட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில் கடைக்காரர் கூலியை வாரியத்தின் உள்ளூர்க் குழுவிடம் கட்டுகிறார். கூலிக்கு மேல் 'லெவி' என்று ஒரு தொகையும் கட்டுகிறார். குழு தொழிலாளிக்குக் கூலி தருகிறது. போனஸ், விடுமுறைக் கூலி, மருத்துவ உதவி போன்றவையும் இந்த வழியில்தான் வருகின்றன. மூன்று கடைகளின் பணமும் ஒரே கணக்கில் சேருகிறது. மும்பைப் பக்கத்து மாத்தாடித் தொழிலாளிகளுக்கு 1969-லேயே இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது.

ஒரே கடையில் நிலையாக இருப்பவர்களுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அவர்கள் கதை வேறு.

ஓர் இளைஞர் மூத்த தொழிலாளியிடம் கேட்கிறார்:

"அண்ணே, கடைக்காரர் காசைக் கையிலேயே தருகிறாராம். பத்து ரூபாய் கூடுதல். வாங்கலாமா?"

"வாங்கலாம். ஆனால் அந்தச் சுமை கணக்கில் ஏறாது தம்பி. வாரியத்தின் ஏட்டில் நீ இன்று வேலையே செய்யவில்லை. ஓணம் வரும்போது பத்து ரூபாயின் விலை தெரியும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமை தூக்காமல், பார்த்து நின்றதற்குக் கூலி கேட்பதை 'நோக்குகூலி' என்பார்கள். அது நியாயம் அல்ல. உழைத்துத் தின்னும் பல பேருக்கு அதனால் கெட்ட பெயர் வந்தது. 2018-இல் கேரள அரசு அதைத் தடை செய்தது.

இந்தத் தொழிலில் பதிவு செய்ய உதவித் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். அடையாள அட்டை வந்ததும் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு சிறு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் மாலையில் எழுதுங்கள்: எந்தக் கடை, எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி. குழு தரும் கணக்கோடு மாதம் ஒருமுறை அதை ஒத்துப் பாருங்கள்.